கூப்பிடாமல் வரும் விளம்பரங்களும் எங்கள் வீட்டுக் கணினியும்

(நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கூட்டமொன்றில், 1980ஆம் ஆண்டு உயர்தர வகுப்புத் தோழிகள் மூவர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நாங்கள் மூவரும் கடைசியாக ஏறியது 1979இல், ஒரு நாடகத்துக்கு. மூவருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு வசனம். அதையும் ஒருத்தி மறந்துபோனாள். இன்றைக்கு அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். கடதாசியைப் பார்த்துத்தான் வாசிக்கப்போகிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நாங்கள் கணினி படித்தவர்கள் அல்லர். ஒருவர் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒருவர் வங்கியில் இருந்தவர். மற்றவர் இங்கிலாந்தில் தாதியாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் பள்ளிக்காலத்தில் இந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே இயந்திரம் அலுவலகத்துத் தட்டச்சுப்பொறி. அதைத் தொட்டால் ஏச்சு விழும். எங்களுக்குப் பின்னால் வந்த வகுப்புகள் மின்சாரமே இல்லாத வருடங்களில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துச் சோதனை எழுதின, சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டன. இவ்வளவையும் கண்டவர்களுக்கு ஒரு கணினியைச் சமாளிப்பது பெரிய காரியமா என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

எங்களை இந்த அலுவலுக்குள் இழுத்துவிட்டது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதை. மேடை மரியாதைக்கு 'அவர்' என்று சொல்லவேண்டும். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் விடுவதாக இல்லை. பெயர் சொல்லமாட்டோம். சொல்லலாம் என்று அவள் விட்டதை மட்டும் சொல்கிறோம். "மலரிலும் போடுங்கோ, நாலு பேர் வாசிக்கட்டும்" என்று சொன்னதும் அவள்தான்.

அவள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மகளோடு இருக்கிறாள். காலமைத் தேநீரோடு கணினியில் மரண அறிவித்தல் பார்ப்பது அவளுடைய வழக்கம். சிரிக்கவேண்டாம், இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு அந்த வழக்கம் இருக்கிறது. ஒருநாள் ஊரில் யாரோ காலமான செய்தியைத் தேடிப்போனவள், அங்கே இங்கே எடுத்துப்போடும் ஏதோ ஒரு தளத்தில் போய் விழுந்துவிட்டாள். திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'நீங்கள் ரோபோ அல்ல என்றால் அலவ் என்பதை அழுத்துங்கள்' என்று நடுவில் எழுதியிருந்தது. தான் ரோபோ இல்லைத்தானே என்று அழுத்தினாள்.

அன்றிலிருந்து திரையின் கீழ் மூலையில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. மூட்டுவலி எண்ணெய், லொத்தர்ப் பரிசு, அரைகுறை உடுப்போடு யாரோ பெண், பிறகு 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்'. ஒன்றை மூடினால் இரண்டு வரும். மின்னஞ்சல் பார்க்கும்போதும் வரும், பேரப்பிள்ளையின் படம் பார்க்கும்போதும் வரும். மகளிடம் கேட்க வெட்கம்: அந்த விளம்பரங்களைப் பார்த்தால் அம்மா எந்தத் தளங்களுக்குப் போகிறா என்று நினைப்பாள்? இப்படியே ஒன்றரை மாதம் போனது.

ஒருநாள் அதில் ஒன்றை மூடப்போய்த் தவறுதலாக அதன்மேலேயே அழுத்திவிட்டாள். திரை முழுவதும் நீலம். அபாயச் சங்கு ஊதுகிறது. ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில், கணினியை நிறுத்தவேண்டாம், உங்கள் வங்கி விபரங்கள் களவு போகின்றன, உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறது. எலியை அசைத்தால் அம்புக்குறியைக் காணவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை. அவள் அழைத்தாள்.

எடுத்தவன் நல்ல மரியாதையாகக் கதைத்தானாம். பெரிய கணினி நிறுவனமொன்றின் பெயரைச் சொன்னான். தூரத்தில் இருந்து கணினியை இயக்க உதவும் ஒரு மென்பொருளைப் போடச் சொன்னான், போட்டாள். அம்புக்குறி தானாக ஓடத் தொடங்கியது. அவன் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான், வரிக்கு வரி சிவப்பும் மஞ்சளுமாக அடையாளங்கள். "பார்த்தீர்களா மடம், இவ்வளவும் உங்கள் கணினிக்குள் புகுந்த திருடர்கள்." துப்புரவாக்கக் கட்டணம் என்று தொடங்கி, கடைசியில் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பரிசு அட்டைகள் வாங்கி, பின்புறம் சுரண்டி, இலக்கத்தைத் தொலைபேசியில் வாசிப்பதில் போய் முடிந்தது. கடையில் நின்ற பிள்ளை, யாருக்கு இத்தனை அட்டை என்று கேட்டிருக்கிறாள். அப்படிக் கேட்டால் பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லும்படி அவன் முதலே சொல்லி வைத்திருந்தான். இவளும் அப்படியே சொன்னாள். 1,800 டொலர்.

இரண்டு மாதம் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவளுக்குப் பின்னேரம், எங்களுக்கு விடியப்புறம் 4 மணி, வட்ஸ்அப்பில் அழுகிறாள். காசு போனதைப் பற்றி அவள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. "மகள் அறிந்தால் கணினியை எடுத்துப்போடுவாள்" என்பதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அந்தக் கணினியில்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஊரில் இருக்கும் தமக்கையின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறாள். வங்கி அலுவலை யாரையும் காத்திராமல் தானே பார்க்கிறாள். பனிக்காலத்தில் ஐந்து மாதம் வீட்டுக்குள் இருப்பவளுக்கு அது ஒரு பெட்டி மட்டும் அல்ல. ஆகவே இந்த உரை விளம்பரத்தைப் பற்றியது என்று அறிவித்தல் பலகையில் போட்டிருந்தாலும், நாங்கள் கதைக்க வந்தது அந்தப் பயத்தைப் பற்றித்தான்.

சரி, அவளுடைய கணினியில் என்ன நடந்திருந்தது?

வைரஸ் ஒன்றும் இருக்கவில்லை. ரோபோ அல்ல என்று அவள் அழுத்திய அந்த 'அலவ்', அந்தத் தளத்துக்கு அவள் கொடுத்த அனுமதி. நான் உன்னுடைய தளத்தைப் பார்க்காத நேரத்திலும் நீ எனக்கு அறிவித்தல் அனுப்பலாம் என்ற அனுமதி. கூகிள் குரோமில் இந்த வசதி 2015இல் வந்தது. மின்னஞ்சல் வந்தால் சொல்ல, செய்தி வந்தால் சொல்ல என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளம்பரக்காரருக்கு அது திறந்த படலையாகப் போய்விட்டது. வைரஸ் நீக்கும் மென்பொருளை எத்தனை தரம் ஓடவிட்டாலும் இது போகாது, ஏனென்றால் இது நோய் இல்லை, நாங்களே கொடுத்த சம்மதம். கொடுத்தவர் திருப்பி எடுக்கவேண்டும்.

எடுப்பது இலேசு. குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தி 'செற்றிங்ஸ்', அதில் 'பிரைவசி அன்ட் செக்யூரிற்றி', அதற்குள் 'சைற் செற்றிங்ஸ்', அதற்குள் 'நொற்றிபிகேசன்ஸ்'. அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். எங்கள் தோழியின் பட்டியலில் 23 தளங்கள். அவளுக்குத் தெரிந்தவை இரண்டு. மற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கினோம், அவள் அங்கே அழுத்த நாங்கள் இங்கே வீடியோவில் பார்த்துக்கொண்டு. அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் அறிவித்தல் அனுப்பக் கேட்கவே கூடாது என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதையும் போட்டுவிட்டோம். மாதக்கணக்கான தலையிடி இருபது நிமிடத்தில் போனது. அவள் சிரித்தாள், பிறகு திரும்ப அழுதாள். பயர்பொக்ஸ், எட்ஜ் பாவிப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு. 'செற்றிங்ஸ்' பக்கத்தின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'நொற்றிபிகேசன்ஸ்' என்று அடித்தால் கொண்டுபோய் விடும். குரோமின் அதே 'சைற் செற்றிங்ஸ்' இடத்தில் 'பொப்-அப்ஸ் அன்ட் றீடைரெக்ட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அது தடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொப்-அப் என்று சொல்லும் இந்தத் திடீர்ச் சன்னல்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1990களில் அமெரிக்காவில் ட்ரைபொட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஈதன் சுக்கர்மன் என்பவர் எழுதிய நிரல்தான் அதன் தொடக்கம். முகநூல்காரர் இல்லை, பெயர்தான் கொஞ்சம் கிட்ட. ஒரு கார்க் கொம்பனியின் விளம்பரம் ஆபாசமான ஒரு பக்கத்தில் போய் விழுந்துவிட, அவர்கள் குழம்பிப்போனார்கள். அந்தப் பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டுவதற்காக விளம்பரத்தைத் தனிச் சன்னலில் திறக்கச் செய்தார் இவர். 2014இல் 'தி அட்லாண்டிக்' சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதி, எங்கள் நோக்கம் நல்லதாகத்தான் இருந்தது என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். பிற்பாடு உலாவிகளே இந்தச் சன்னல்களைத் தடுக்கப் பழகின; 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது பெரிய திருத்தத்தோடு இன்ரர்நெற் எக்ஸ்புளோரரும் தடுக்கத் தொடங்கியது. வாசலை அடைத்தால் யன்னலால் வருவார்கள்தானே, அப்படி வந்ததுதான் இந்த 'அலவ்'.

இனி அந்த நீலத் திரை. இது உங்களுக்கு ஒருநாள் வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் விளம்பரப் பக்கம், கணினியைத் திரை நிறைய மறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். சங்கு ஊதுவது ஒலிப்பதிவு. உங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு ஒன்றும் தெரியாது. தொலைபேசி இலக்கம் போட்டிருந்தால் அதுவே சாட்சி: மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருப்பதில்லை, இதை அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. தானாக உங்களை அழைத்து, உங்கள் கணினியில் பிழை இருக்கிறது என்று சொல்பவனும் அப்படித்தான்.

செய்யவேண்டியது இது. முதலில் ஒலியைக் குறையுங்கள். பாதிப் பயம் அதோடு போகும். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள 'எஸ்கேப்' விசையைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை சுருங்கும், மூடும் அடையாளம் தெரியவரும். இல்லாவிட்டால் 'ஓல்ட்' விசையோடு 'எஃப் 4'. அதற்கும் அசையாவிட்டால் 'கொன்ட்ரோல்', 'சிஃப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் ஒன்றாக அழுத்த ஒரு பட்டியல் வரும், அதில் உலாவியின் பெயரைத் தெரிந்து 'என்ட் ராஸ்க்' கொடுங்கள். இதெல்லாம் ஞாபகம் வராவிட்டாலும் பரவாயில்லை, கணினியின் ஆளியைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். நிறுத்தவேண்டாம் என்று அந்தக் குரல் சொல்வது, நிறுத்தினால் அதன் வியாபாரம் போய்விடும் என்றபடியால்தான். திரும்பத் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவன் காட்டிய சிவப்பும் மஞ்சளும் என்ன என்று நாங்களும் யோசித்தோம். தேடிப் பார்த்ததில், விண்டோஸ் கணினி எல்லாவற்றிலும் 'ஈவன்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. எங்கள் வகுப்பு இடாப்பைப் போல அது அன்றாடம் நடப்பதைப் பதிகிறது. ஒரு மென்பொருள் இரண்டு வினாடி பிந்தித் தொடங்கினால்கூட மஞ்சள் அடையாளம் போடும். எங்கள் மூவருடைய கணினிகளிலும் திறந்தோம். கணித ரீச்சரின் புத்தம்புதுக் கணினியில்தான் சிவப்பு அதிகம். வைத்தியம் தெரியாதவரிடம் இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிப் பயப்படுத்துவது போன்ற வேலை இது என்றார் எங்கள் தாதி.

ஏற்கனவே அழைத்து, உள்ளேயும் விட்டுவிட்டவர்கள் என்ன செய்வது? வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க அப்போது நேரமில்லை. உடனே ரவுட்டரை அணையுங்கள். இணையம் இல்லாவிட்டால் அவனுக்குக் கையில்லை. அந்தக் கணினியைத் தொடாமல், வங்கி அட்டையின் பின்புறம் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள். அவன் போட்ட மென்பொருளை நீக்கி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கணினியை முழுதாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவிப்பதுதான் நிம்மதி. பரிசு அட்டை என்றால் அதை வழங்கிய நிறுவனத்தையும் அழையுங்கள். இலக்கம் பாவிக்கப்படுவதற்கு முந்தினால் சிலவேளை மறிக்கலாம். வங்கியில் இருந்தவர் சொல்கிறார்: முதல் மணித்தியாலத்தில் வருகிறவருக்குச் செய்யக்கூடியதை மூன்றாம் நாள் வருகிறவருக்குச் செய்ய ஏலாது. திட்டு வாங்குவோம் என்று தள்ளிப்போட்டவர்களைத்தான் அவர் அதிகம் கண்டிருக்கிறார்.

இன்னொன்று. எங்கள் தோழிக்கு மூன்று கிழமைக்குப் பிறகு வேறொருவன் அழைத்தான். நீங்கள் ஏமாற்றப்பட்டது எங்களுக்குத் தெரியும், காசை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டவேண்டும் என்றான். ஒருமுறை கொடுத்தவரின் இலக்கம் அவர்களுக்குள் கைமாறும். இந்தமுறை அவள் வைத்துவிட்டாள்.

இலங்கையில் இருப்பவர்கள் ஸ்ரீலங்கா சேர்ட் என்ற அரச நிறுவனத்துக்குச் சொல்லலாம். கணினிச் சம்பவங்களைக் கவனிப்பதற்கென்று 2006இல் தொடங்கியது, இலக்கம் 101. பிரித்தானியாவில் 159ஐ அழுத்தினால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேரே இணைப்பார்கள். கனடாவில் மோசடித் தடுப்பு நிலையம், அவுஸ்திரேலியாவில் ஸ்காம்வொச். தொலைபேசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள். சங்கு ஊதும்போது தேடமுடியாது.

இந்த மலர் வேலையிலேயே ஒரு பாடம் படித்தோம். அக்கா ஒருவர் தன் கட்டுரையைப் பாமினி எழுத்துருவில் அனுப்பியிருந்தார். மலர்க்குழுவில் ஒரு தங்கச்சியின் கணினியில் பாமினி இல்லை. தேடினாள், ஒரு பக்கம் வந்தது, பச்சை நிறத்தில் பெரிய பெரிய 'டவுன்லோட்' பொத்தான்கள் மூன்று. மூன்றுமே விளம்பரம்! உண்மையான இணைப்பு அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. முதலாவதை அழுத்தியதில் எழுத்துரு வரவில்லை. தேடும் பக்கத்தை மாற்றி, புதுப்புதுச் சன்னல்களைத் திறக்கும் ஏதோ ஒரு சாமான் வந்து குடியேறிவிட்டது. பழைய படம், தொடர் நாடகம் இலவசமாகப் பார்க்கப்போகும் இடங்களிலும் இதே கதைதான். ஓடவிடும் முக்கோணமே விளம்பரமாக இருக்கும். எழுத்துரு என்று இறக்கியது '.exe' என்று முடிந்தால் திறக்கவேண்டாம். எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் '.ttf' என்று முடியும். மலரில் ஆங்கில எழுத்து வேண்டாம் என்று ஆசிரியர் குழு சொல்லியிருந்தால் டொட் இ எக்ஸ் இ, டொட் ரி ரி எஃப் என்று வாசித்துக்கொள்ளுங்கள். அப்படி வந்து குடியேறியவற்றை உலாவியின் 'எக்ஸ்ரென்சன்ஸ்' பட்டியலிலும், விண்டோஸின் செயலிகள் பட்டியலிலும் தேடி, நீங்கள் போடாத பெயர்களை நீக்கவேண்டும்.

விளம்பரங்களையே மறைக்கும் உலாவி நீட்சிகள் இருக்கின்றன. நாங்கள் பாவிப்பது யுபுளொக் ஒரிஜின், இலவசம். பயர்பொக்ஸில் முழுதாக வேலை செய்யும். குரோமுக்கு அதன் 'லைற்' வடிவம் உண்டு. பெயரை ஒத்த போலிகளும் இருப்பதால் உலாவியின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தே எடுங்கள். விளம்பரத்தில் பிழைக்கும் நல்ல தளங்களுக்கு இது அநியாயம் இல்லையா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. நியாயமான கேள்விதான், விரும்பி வாசிக்கும் தளத்துக்கு மட்டும் தடையை எடுத்துவிடலாம். ஆனால் 2022 டிசெம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே, தேடலில் வரும் போலி விளம்பரங்களுக்குத் தப்ப விளம்பரத் தடுப்பானைப் பாவியுங்கள் என்று பொதுமக்களுக்குச் சொன்னது. வங்கியின் பெயரைத் தேடினால் முதலில் வருவது வங்கியாக இருக்கவேண்டும் என்று இல்லை. முகவரியை நீங்களே அடியுங்கள், அல்லது ஒருமுறை சரியாகப் போய்க் குறித்து வையுங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருள் சாதாரண வீட்டுக்குப் போதும். அது இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது கணினியை மந்தமாக்கும். கடையில் எல்லாம் போட்டுத் தந்த கணினி என்றால், விண்டோஸ் களவுப் பிரதியா என்று கேளுங்கள். பூட்டை உடைக்கும் அந்தச் சின்ன மென்பொருளோடு வேறென்ன வந்திருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். படங்களை வெளி வன்தட்டு ஒன்றில் மாதம் ஒருதரம் எடுத்து, கழற்றி வையுங்கள்.

கணினி 'அப்டேற்' கேட்டால் பிறகு பிறகு என்று தள்ளவேண்டாம். 2017 மே 12இல் வன்னாகிறை என்ற கிருமி இங்கிலாந்தின் சுகாதார சேவையைப் பிடித்தபோது எங்கள் தாதி அங்கே கடமையில் இருந்தார். கணினியை அணைத்துவிட்டுக் கடதாசியில் எழுதினார்கள். அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. பிள்ளைகள் அனுப்பிய பழைய லப்ரொப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. வீட்டுப் பாவனையாளர் பதிந்தால் ஒரு வருடம் நீட்டித் தருவதாக அப்போது அறிவித்தார்கள். அடுத்த முறை பிள்ளை என்ன அனுப்ப என்று கேட்டால், சொக்கிலேற் வேண்டாம் என்று சொல்லலாம்.

கடவுச்சொல்லுக்கு வருவோம். கைகளை உயர்த்தச் சொல்லிக் கேட்கமாட்டோம். ஆனால் எங்கள் பள்ளியின் பெயரோடு வருடத்தையும் சேர்த்துக் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் இங்கே எத்தனைபேர் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். எங்களில் இருவரும் அப்படித்தான் வைத்திருந்தோம். அதோடு, கடவுச்சொல்லை மறந்தால் சில தளங்கள் கேட்கும் கேள்வி என்ன? நீங்கள் படித்த பாடசாலை எது, தாயாரின் கன்னிப்பெயர் என்ன. இந்த மலரை ஒருவன் கையில் எடுத்தால் படத்தோடு விடை கிடைக்கும்! அந்தக் கேள்விகளுக்கு உண்மை சொல்லவேண்டும் என்று சட்டம் இல்லை. படித்த பாடசாலைக்குக் 'கத்தரிக்காய்க் குழம்பு' என்று போடலாம், போட்டதை மறக்காமல் இருந்தால் சரி. சம்பந்தம் இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நல்ல நீண்ட கடவுச்சொல். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறுவேறாக வையுங்கள். ஞாபகம் நிற்காவிட்டால் கொப்பியில் எழுதி அலமாரிக்குள் வையுங்கள். இணையத்தில் இருந்து களவெடுப்பவன் உங்கள் அலமாரியைத் திறக்கப்போவதில்லை. திரையின் ஓரத்தில் ஒட்டுவதைத்தான் செய்யவேண்டாம்.

தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், கேட்பது உங்கள் வகுப்புத் தோழியாக இருந்தாலும். போன வருடம் ஓர் அக்காவின் வட்ஸ்அப்பில் இருந்து எங்கள் எல்லோருக்கும் 'அவசரமாக 50,000 ரூபா அனுப்பு, நாளைக்குத் தருகிறேன்' என்று வந்தது. அக்கா ஒருநாளும் எங்களிடம் கடன் கேட்டவர் இல்லை, அதோடு எழுத்துப் பிழை விடுகிறவரும் இல்லை. அதனால்தான் தப்பினோம். அழைத்துக் குரலைக் கேட்டபின் காசு அனுப்புங்கள்.

கடைசியாகத் தங்கச்சிமாருக்கும் பிள்ளைகளுக்கும். அம்மா ஏமாந்துபோனால், இனிக் கணினியைத் தொடவேண்டாம் என்று சொல்லாதீர்கள். எங்கள் தோழியின் மகள் விடயத்தை அறிந்தபோது அப்படிச் சொல்லவில்லை. ஏன் அம்மா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டு அழுதாள். பிறகு இருவரும் இருந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டார்கள். இப்போது திரைக்குக் கீழே தாயின் கையெழுத்தில் ஒரு துண்டு இருக்கிறது: 'முதலில் எஸ்கேப். பிறகு மகள்.' எங்கள் தோழி இன்னமும் காலமை மரண அறிவித்தல் பார்க்கிறாள்.

தேநீருக்குப் பிறகு பழைய மனையியல் அறையில் மூவரும் இருப்போம். லப்ரொப் கொண்டுவந்தவர்கள் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். அந்த அறையில் வேலை செய்யும் செருகி இரண்டுதான், ஆகவே வரிசை. தொலைபேசியில் தொல்லை இருப்பவர்களும் வரலாம். கடவுச்சொல்லை எங்களுக்குச் சொல்லவேண்டாம், நாங்கள் மற்றப் பக்கம் திரும்பி நிற்போம், நீங்களே அடியுங்கள்.